ஒரு சிறிய விலங்குக் காப்பகத்துக்குக் கிராண்ட் கிடைப்பது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். 60 நாய்களும் 25 பூனைகளும் இருக்கும் சின்னக் காப்பகம். நான்கு பேர் வேலை செய்கிறீர்கள், இருவருக்குச் சம்பளம் கிடையாது. கிராண்டுக்காக, அதாவது குறிப்பிட்ட வேலைக்கென்று அறக்கட்டளைகள் தரும் நிதிக்காக, ஒரே வருடத்தில் 11 அறக்கட்டளைகளுக்கு விண்ணப்பித்தீர்கள். ஏழு இடங்களிலிருந்து ‘வருந்துகிறோம்’ என்று கடிதம் வந்தது, நான்கு இடங்களிலிருந்து பதிலே வரவில்லை. எங்கள் வேலையில் குறையா, எழுத்தில் குறையா, இல்லை விலங்குகளுக்குப் பணம் கொடுக்க ஆளே கிடையாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூடவே விண்ணப்பம் ஒன்றையும், விண்ணப்பித்த இடங்களின் பட்டியலையும் அனுப்பியிருந்தீர்கள். இரண்டு முறை படித்தேன். உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்ட விதத்திலும் கேட்ட இடத்திலும்தான் சிக்கல். இரண்டையும் சரிசெய்துவிடலாம்.

எனக்கு இந்த வேலை இரண்டு வகையிலும் பழக்கம். எட்டு வருடம் ஒரு காப்பகத்தில் இருந்துகொண்டு விண்ணப்பம் எழுதினேன். அப்புறம் ஆறு வருடம் ஒரு சிறிய அறக்கட்டளையின் தேர்வுக் குழுவில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதியதைப் படித்தேன். கேட்கிற இடத்திலிருந்து கொடுக்கிற இடத்துக்குப் போன பிறகுதான், நான் எழுதியவை ஏன் திரும்பித் திரும்பி வந்தன என்று புரிந்தது.

உங்கள் விண்ணப்பம் ஆறு பக்கம். அதில் நாலரைப் பக்கம் வண்டியில் அடிபட்ட நாய்கள், மூட்டையில் கட்டி வீசப்பட்ட குட்டிகள், ஊராரின் அலட்சியம். எல்லாம் உண்மை. படிக்கும்போது எனக்கும் நெஞ்சு கனத்தது. ஆனால் கடைசிப் பத்தியில் ‘தங்களால் இயன்ற உதவியைச் செய்ய வேண்டுகிறோம்’ என்று முடித்துவிட்டீர்கள். தனி மனிதரிடம் நன்கொடை கேட்கும்போது இது நல்ல வரி. கிராண்ட் கொடுக்கிற குழுவில் இந்த வரிதான் விண்ணப்பத்தைக் கீழே இறக்குகிறது. ஏன் என்று சொல்கிறேன். ஒரே அமர்வில் நாற்பது விண்ணப்பம் இருக்கும். ஒவ்வொன்றையும் முழுதாகப் படித்தவர் ஒருவரோ இருவரோதான். அவர் மற்றவர்களைப் பார்த்து, “இவர்களுக்கு இந்தத் தொகையை, இந்த வேலைக்கு, இத்தனை மாதத்துக்குக் கொடுக்கலாம், முடிவில் இது நடந்திருக்கும்” என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதற்கு உங்கள் விண்ணப்பம் அவருக்கு வாக்கியம் எடுத்துக் கொடுக்கவில்லை என்றால், உங்கள் மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும் அவரால் வாதாட முடியாது. அந்த இடத்தில் நானே வாயடைத்துப் போய் உட்கார்ந்திருக்கிறேன். மனசுக்குப் பிடித்த காப்பகம், ஆனால் எவ்வளவு கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று தெரியாமல் அடுத்த விண்ணப்பத்துக்குப் போக வேண்டியதாயிற்று.

இனி கேட்ட இடம். விலங்குகளுக்குக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். ஆனால் மொத்த நன்கொடையில் அது சின்னப் பங்குதான். அமெரிக்காவை எடுத்துக்கொண்டால், கொடுக்கப்படும் நன்கொடைகளில் சுற்றுச்சூழலுக்கும் விலங்குகளுக்கும் சேர்த்தே ஏறக்குறைய 3 சதவீதம்தான் போகிறது. அந்தச் சின்னப் பங்குக்குள்ளும் ஒவ்வொருவருக்கும் ஒரு எல்லை உண்டு. பெட்ஸ்மார்ட் சாரிட்டீஸ் 1994-இல் தொடங்கப்பட்டது, தத்துக் கொடுப்பதிலும் வளர்ப்புப் பிராணிகளின் மருத்துவத்திலும் பெரிய அளவில் கொடுக்கிறது, ஆனால் அதன் வேலை வட அமெரிக்காவில். மேடிஸ் ஃபண்ட் என்ற அறக்கட்டளையை டேவ் டஃபீல்டும் அவர் மனைவி செரிலும் தங்கள் வீட்டு நாயான மேடியின் நினைவாக உருவாக்கினார்கள். அதுவும் பெரும்பாலும் அமெரிக்காவின் நாய், பூனைகளுக்காகத்தான். 1866-இல் ஹென்றி பெர்க் தொடங்கிய ஏஎஸ்பிசிஏ என்ற அமெரிக்க விலங்கு வதைத் தடுப்புச் சங்கம், தான் நேரடியாக வேலை செய்வதோடு மற்ற அமைப்புகளுக்கும் கிராண்ட் தருகிறது. அங்கேயும் முக்கியக் கவனம் சொந்த நாட்டில்தான். உங்கள் பட்டியலில் இருந்த 11-இல் மூன்று, தங்கள் நாட்டைத் தாண்டிக் கொடுப்பதே இல்லை. இரண்டு, காட்டு விலங்குகளுக்கு மட்டும் கொடுப்பவை. ஆக, ஐந்து விண்ணப்பங்களுக்கு நீங்கள் செலவழித்த ராத்திரிகள் வீண். இதைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. நானும் அப்படிச் செலவழித்தவன்தான், அந்த அலுப்பு எனக்குத் தெரியும்.

பண்ணை விலங்குகளின் பக்கம் வேறு ஓர் உலகம். உலகில் ஆண்டுக்கு 8,000 கோடிக்கும் மேற்பட்ட நிலவாழ் விலங்குகள் உணவுக்காகக் கொல்லப்படுகின்றன, பெரும்பாலானவை கோழிகள். ஆனால் விலங்கு நலத்துக்கென்று வரும் பணத்தில் பெரும்பங்கு நாய், பூனைகளுக்குத்தான் போகிறது. இந்த இடைவெளியைப் பார்த்து உருவானவை சில நிதிகள். அனிமல் சாரிட்டி இவாலுவேட்டர்ஸ் அமைப்புகளை மதிப்பிட்டுப் பரிந்துரைப்பதோடு, சிறிய அமைப்புகளுக்குத் தானும் கிராண்ட் தருகிறது. கூண்டில்லாக் கோழி வளர்ப்புக்காகப் போராடும் அமைப்புகளுக்கு ஓப்பன் விங் அலையன்ஸ் தருகிறது. நீங்கள் நாய், பூனை காப்பகம், அதனால் இவை உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் கோழிகளுக்காகவோ மீன்களுக்காகவோ வேலை செய்கிற சின்னக் குழு எதையாவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லி வையுங்கள். அங்கே போட்டி கொஞ்சம் குறைவு.

ஒரு அறக்கட்டளை உண்மையில் யாருக்குக் கொடுக்கிறது என்று தெரிந்துகொள்ள, அவர்கள் இணையதளத்தில் எழுதியிருக்கும் நோக்கத்தைவிட, இதுவரை கொடுத்த பட்டியல்தான் நல்ல சாட்சி. அமெரிக்கத் தனியார் அறக்கட்டளைகள் 990-பிஎஃப் என்ற வருடாந்தரப் படிவத்தை வரித்துறைக்குக் கொடுக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்ற பட்டியல் அதில் இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவான அறநிறுவனங்களின் கணக்குகளை அங்குள்ள அறநிறுவன ஆணையத்தின் பதிவேட்டில் படிக்கலாம். மூன்று வருடப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். உங்கள் அளவில் இருக்கும் அமைப்பு ஏதாவது அதில் இருக்கிறதா? பெரும்பாலும் எந்த அளவுத் தொகை கொடுக்கிறார்கள்? அந்த அளவை ஒட்டிக் கேளுங்கள். அதைப்போல ஐந்து மடங்கு கேட்டால், அவர்கள் உங்களைப் பேராசைக்காரர் என்று நினைக்க மாட்டார்கள், தங்களைப் பற்றிப் படிக்காமலே எழுதியிருக்கிறார் என்று நினைப்பார்கள். அது இன்னும் மோசம்.

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கச் சட்டப்படி தனியார் அறக்கட்டளைகள் தங்கள் முதலீட்டுச் சொத்தில் சுமார் 5 சதவீதத்தை ஆண்டுதோறும் அறப்பணிக்குச் செலவழித்தே ஆக வேண்டும். ஆகவே அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் நல்ல விண்ணப்பம் தேவைப்படுகிறது. கூனிக் குறுகிக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அவர்கள் செய்ய நினைக்கிற வேலையைச் செய்யத் தெரிந்தவர் நீங்கள், அந்த நிமிர்வோடு எழுதுங்கள்.

விலங்கு நலம் என்ற பெயர்ப்பலகை மாட்டிய கதவை மட்டும் தட்டாதீர்கள் என்றும் சொல்வேன். ரேபீஸை, அதாவது வெறிநாய்க்கடி நோயை, எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நோயால் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இறப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். மனிதருக்கு வரும் ரேபீஸில் 99 சதவீதம் நாய் மூலம் வருகிறது. ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவுவது அறுந்துபோகும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. நாய் மூலம் வரும் ரேபீஸால் 2030-க்குள் ஒரு மனித உயிரும் போகக்கூடாது என்று உலக அளவில் இலக்கும் வைத்திருக்கிறார்கள். நீங்கள் வருடத்துக்கு 700 நாய்களுக்கு ஊசி போடுகிறீர்கள் என்று ஆறாம் பக்கத்தில் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த 700 ஊசி பொதுச் சுகாதார வேலை. குழந்தைகளின் நலத்துக்காகக் கொடுக்கிற நிதிக்கும் நீங்கள் விண்ணப்பிக்கலாம், ஏனென்றால் நாய்க்கடிக்கு அதிகம் ஆளாவது குழந்தைகள்தான்.

சரி, எழுத்துக்கு வருவோம். இங்கேதான் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பேச வேண்டும்.

தேர்வுக் குழுவில் நான் முதலில் கற்றுக்கொண்டது கூண்டுக் கணக்கு. எங்களோடு ஒரு மூத்த கால்நடை மருத்துவர் இருந்தார். கருத்தடைத் திட்டத்துக்கு விண்ணப்பம் வந்தால் கதையையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, காகிதத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கணக்குப் போடுவார். ஒரு விண்ணப்பத்தில் ‘ஆண்டுக்கு 3,000 அறுவை சிகிச்சை’ என்று இருந்தது. இன்னொரு பக்கத்தில் ‘20 கூண்டுகள் உள்ளன’ என்று இருந்தது. அறுவை முடிந்த நாயை நான்கு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றால், 20 கூண்டில் ஒரு நாளைக்குப் புதிதாக ஐந்து நாய்தான் எடுக்க முடியும். வருடத்துக்கு 250 வேலை நாள். ஐந்தால் பெருக்கினால் 1,250. “மிச்சம் 1,750 நாய் எங்கே படுக்கும்?” என்று கேட்டார். எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு ஆசை பெரிது, கணக்கை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை. ஆனால் எங்களுக்கு வந்த பயம் வேறு. எண்ணிக்கையை எட்டுவதற்காகத் தையல் ஆறாத நாயை இரண்டாம் நாளே தெருவில் கொண்டு போய் விட்டுவிடுவார்களோ என்ற பயம். கிராண்ட் கிடைக்கவில்லை.

அதே அமைப்பு அடுத்த வருடம் திரும்ப எழுதியது. ‘எங்களிடம் 20 கூண்டு, அதனால் ஆண்டுக்கு 1,200. இன்னும் 16 கூண்டு கட்டினால் 2,200 செய்யலாம். அதற்கு ஒரு உதவியாளரும் வேண்டும், ஒரே மருத்துவரால் ஒரு நாளைக்கு ஒன்பது வரை நிதானமாகச் செய்ய முடியும்.’ அவ்வளவுதான், ஒன்றரைப் பக்கம். பென்சில் கணக்கு சரியாக வந்தது. கொடுத்தோம்.

எண்ணிக்கை சரியாக இருந்தால் போதுமா என்றால், அதற்கு அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது: அதனால் என்ன மாறும்? 40,000 நாய் இருக்கும் நகரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக 500 நாய்க்குக் கருத்தடை செய்தால், அந்த 500 நாய்க்கும் நல்லது நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் தெருவில் வித்தியாசம் தெரியாது. அடுத்த குட்டி போடும் பருவத்தில் அந்த இடத்தைக் குட்டிகள் நிரப்பிவிடும். அதே 500-ஐ, மொத்தமே 650 நாய் இருக்கும் ஒரு பகுதிக்குள் செய்தால்? ஒரு வருடத்தில் கண்ணால் பார்க்கலாம். பார்ப்பதற்கு எளிய வழியும் இருக்கிறது. வேலை தொடங்கும் முன், விடியற்காலையில் ஒரே பாதையில் நடந்து, கண்ணில் படும் பெட்டை நாய்களில் எத்தனைக்கு மடி இறங்கிப் பால் கட்டியிருக்கிறது, எத்தனை குட்டிகள் ஓடுகின்றன, எத்தனை நாய்க்குக் காதில் கருத்தடை முடிந்ததைக் காட்டும் வெட்டு அடையாளம் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அதே பாதை, அதே நேரம், அதே மாதிரி எழுதுங்கள். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினால், வேறு விளக்கம் பெரிதாக வேண்டியதில்லை. நோட்டும் பேனாவும் இருந்தால் செய்கிற வேலை இது, ஆனால் எங்களுக்கு வந்த விண்ணப்பங்களில் இதைச் செய்தவர்கள் ரொம்பக் குறைவு.

நோட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒரு முறை நேரில் பார்த்துவர ஒரு காப்பகத்துக்குப் போனேன். விண்ணப்பம் சுமாராகத்தான் இருந்தது. அங்கே வேலை செய்யும் அம்மா ஒருவர், மருந்துக் கறை படிந்த நீள நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பக்கத்தைத் திருப்பினேன். ‘பெட்டை. கறுப்பு வெள்ளை. இடது பின்னங்கால் ஊன்றவில்லை. 11 கிலோ. 1ஆம் நாள் சாப்பிடவில்லை. 2ஆம் நாள் சாப்பிடவில்லை. 3ஆம் நாள் கையில் வைத்துக் கொடுத்தால் நக்கியது. 4ஆம் நாள் தானாக எழுந்து தண்ணீர் குடித்தது.’ கீழே வேறு மையில், ‘13 கிலோ. தத்து.’ அதற்கும் கீழே மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்த தேதி. பக்கத்துக்குப் பக்கம் இப்படித்தான். இறந்துபோனவையும் இருந்தன, என்ன காரணம் என்ற குறிப்போடு. அந்த நோட்டின் நான்கு பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போய்க் குழுவில் காட்டினேன். மறுபேச்சே இல்லாமல் ஒப்புக்கொண்டார்கள். உங்களிடமும் நிச்சயம் இப்படி ஏதாவது இருக்கும். அந்த நாலரைப் பக்க வருத்தத்தை எடுத்துவிட்டு, இதில் ஒரு பக்கத்தை வையுங்கள்.

உணர்ச்சியே கூடாது என்று சொல்ல வரவில்லை. 1930-இல் கெய்ரோவுக்குப் போன டோரதி புரூக் என்ற ஆங்கிலேயப் பெண், முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் ராணுவம் அங்கேயே விற்றுவிட்டுப் போன குதிரைகள், வயதாகி எலும்பும் தோலுமாய் வண்டி இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். 1931-இல் லண்டன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தில் கண்ணீர் வரவழைக்கிற விஷயம் இருந்தது, ஆனால் கேட்டது தெளிவான ஒன்று: மிச்சமிருக்கும் போர்க் குதிரைகளை விலை கொடுத்து வாங்கி, அவற்றின் வேதனையை முடித்துவைக்கப் பணம் வேண்டும். பணம் வந்து குவிந்தது. மூன்று வருடத்தில் 5,000 குதிரைகளை வாங்கினார். பெரும்பாலானவை பிழைக்கும் நிலையில் இல்லை, அமைதியாக உயிர்விட வைத்தார். அதோடு அவர் நிற்கவில்லை. போர்க் குதிரைகள் தீர்ந்தாலும் வண்டி இழுக்கும் குதிரைகளும் கழுதைகளும் தீராது என்று கண்டு, 1934-இல் இலவச மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். அதுதான் இன்று பல நாடுகளில் வேலை செய்யும் புரூக் அமைப்பு. மீட்பதில் தொடங்கி, மீட்க வேண்டிய நிலை வராமல் தடுப்பதற்குப் போயிருக்கிறார். கொடுப்பவர்கள் உங்களிடமும் இந்த நகர்வைத்தான் தேடுகிறார்கள். காப்பகத்தில் 85 உயிரைப் பார்த்துக்கொள்வது ஒரு வேலை. 86-ஆவது உயிர் வாசலுக்கு வராமல் இருக்க என்ன செய்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். நீங்கள் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள், விண்ணப்பத்தில்தான் அது இல்லை.

அடுத்து, பட்ஜெட். காப்பகம் நடத்துகிறவர்கள் எல்லோரும் செய்கிற ஒரு தவறு, செலவைக் குறைத்துக் காட்டுவது. சம்பளம் என்று போட்டால் கொடுக்க மாட்டார்களோ என்று பயந்து, மருந்தும் தீனியும் மட்டும் எழுதுவது. ஊசியைப் போடுகிற கைக்குச் சம்பளம் இல்லாமல் ஊசி எப்படிப் போகும்? கணக்கு எழுதுபவர், மின்சாரம், வாடகை, பழுது, தணிக்கைக் கட்டணம், விலங்குகளைக் கையாள்பவர்களுக்கு முன்கூட்டியே போட வேண்டிய ரேபீஸ் தடுப்பூசி, எல்லாம் திட்டத்தின் செலவுதான். அமெரிக்க அரசின் கிராண்டுகளில்கூட, தனியாகப் பேசி விகிதம் முடிவு செய்யாத அமைப்புகள் வாடகை, நிர்வாகம் போன்ற மறைமுகச் செலவுக்காக எடுத்துக்கொள்ளும் அளவை 2024-இல் 10 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்த்தினார்கள். நிர்வாகச் செலவு உண்மையான செலவு என்று பெரிய இடங்களே ஒப்புக்கொள்கின்றன. நீங்கள் ஏன் ஒளிக்க வேண்டும்?

இதில் நான் பட்டது ஒன்று உண்டு. நான் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்த காப்பகத்துக்கு ஓர் ஆம்புலன்ஸ் கிடைத்தது. கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். புத்தம் புது வண்டி, பக்கவாட்டில் அவர்கள் பெயர். ஆனால் ஓட்டுநர் சம்பளம், எரிபொருள், காப்பீடு, பழுது எதற்கும் பணம் கிடையாது, நாங்களும் கேட்கவில்லை. முதல் ஐந்து மாதம் தீனிக்கு வைத்திருந்ததை எடுத்து ஓட்டினோம். ஆறாம் மாதம் ஓட்டுநர் போய்விட்டார். அப்புறம் வண்டி மரத்தடியில் நின்றது. டயரில் காற்று இறங்கியது. ஒரு மழைக்காலத்தில் அதன் அடியில் ஒரு நாய் குட்டி போட்டது. வண்டி நிற்கிற கோலத்தைப் பார்த்த மற்ற நன்கொடையாளர்கள், இவர்களுக்குக் கொடுத்தால் இப்படித்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். கிடைக்கிறதே என்று வாங்கியதால் வந்த வினை. அதனால் கட்டடம், வண்டி, கருவி என்று யாராவது கொடுக்க வந்தால், இரண்டு வருட நடத்தும் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். தர முடியாது என்றால், நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். மறுக்க மனசு வராது, எனக்குத் தெரியும். ஆனாலும் மறுக்க வேண்டும்.

பணத்தைத் தவறாகக் கணக்கிட்டு நல்லவர்கள் மாட்டிக்கொள்வது இன்று நேற்று வந்ததில்லை. 1824-இல் லண்டனில் தொடங்கிய விலங்கு வதைத் தடுப்புச் சங்கம்தான் பின்னாளில் ஆர்எஸ்பிசிஏ என்ற பெரிய பிரிட்டிஷ் அமைப்பானது. அதன் முதல் செயலாளர் ஆர்தர் புரூம் என்ற பாதிரியார், சங்க வேலைக்காகத் தேவாலயப் பதவியை விட்டவர். சங்கம் பட்ட கடனுக்காக 1826-இல் அவரை, கடனாளிகளை அடைக்கும் சிறையில் போட்டார்கள். கூட இருந்தவர்கள் பணம் திரட்டி வெளியே கொண்டுவந்தார்கள். இன்று சிறை இல்லை, ஆனால் மருந்துக்கடைக் கடனுக்குத் தன் நகையை அடகு வைத்த காப்பக நிர்வாகிகளை எனக்கு நேரில் தெரியும்.

அந்தக் கடன் பெரும்பாலும் எப்படி வருகிறது தெரியுமா? செலவழித்த பிறகு பில் கொடுத்து வாங்கிக்கொள்ளும் வகைக் கிராண்டுகளால். ஒப்பந்தம் கையெழுத்தாகும், எல்லோரும் சந்தோஷமாக வேலையைத் தொடங்குவார்கள். முதல் காலாண்டு பில்லை அனுப்பினால், ஒரு ரசீதில் தேதி இல்லை என்று திரும்பி வரும். சரிசெய்து அனுப்பினால் இன்னும் இரண்டு மாதம். அதுவரை மருத்துவருக்கு யார் சம்பளம் கொடுப்பது? கையில் குறைந்தது நான்கு மாதச் செலவுக்கான பணம் இல்லாதவர்கள் இந்த வகைக்குப் போகாமல் இருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். போவதாக இருந்தால், ஒரு பகுதியை முன்பணமாகத் தருவீர்களா என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். கேட்டால் பல இடங்களில் தருகிறார்கள்.

வெளிநாட்டுப் பணம் பற்றிக் கொஞ்சம். அமெரிக்கத் தனியார் அறக்கட்டளை ஒன்று வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுக்க வேண்டுமானால், அந்த அமைப்பு அமெரிக்க அறநிறுவனத்துக்கு ஈடானது என்று ஆவணங்களைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும், இல்லையென்றால் கொடுத்த பணம் சொன்ன வேலைக்கே போனதா என்று கடைசிவரை கண்காணிக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும். அவர்கள் கத்தை கத்தையாகக் காகிதம் கேட்பதற்குக் காரணம் இதுதான், உங்கள் மேல் சந்தேகம் இல்லை. பதிவுச் சான்று, விதிமுறைப் பத்திரம், மூன்று வருடத் தணிக்கை அறிக்கை, நிர்வாகக் குழுவினர் பட்டியல், இவற்றை ஒரே கோப்பில் எப்போதும் தயாராக வைத்திருங்கள். வெளிநாட்டுப் பணத்தை வாங்க உங்கள் நாட்டுச் சட்டம் என்ன கேட்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதை விண்ணப்பம் எழுதும் முன் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள், பணம் வந்த பிறகு கேட்காதீர்கள்.

கிடைத்த பிறகு அறிக்கை அனுப்ப வேண்டுமே, அதில் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். கெட்ட செய்தியை ஒளிக்காதீர்கள். எங்கள் காப்பகத்தின் குட்டிகள் அறைக்குள் ஒரு முறை பார்வோ என்ற வைரஸ் நோய் புகுந்துவிட்டது. 19 குட்டிகளில் 14 செத்துப்போயின. கிராண்டில் கட்டிய அறை அது. அறிக்கையில் எப்படி எழுதுவது என்று ஒரு வாரம் தூங்கவில்லை. கடைசியில், ஆறு மாத அறிக்கை வரை காத்திராமல் அந்த வாரமே ஒரு கடிதம் போட்டோம். என்ன நடந்தது, எங்கே தவறினோம் என்று எழுதினோம். புதிதாக வரும் குட்டிகளைத் தனியே வைக்க இடம் இல்லாமல் ஒன்றாகக் கலந்துவிட்டோம், அந்தக் கிருமி தரையில் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும் என்று தெரிந்தும். மிச்சப் பணத்தில் தனிமை அறை ஒன்றைத் தடுத்துக் கட்ட அனுமதி கேட்டோம். நான்காம் நாள் சம்மதம் வந்தது. அடுத்த வருடம் கிராண்டைப் புதுப்பித்தார்கள். பின்னாளில் நான் தேர்வுக் குழுவில் உட்கார்ந்தபோது, எல்லாம் நூறு சதவீதம் நடந்தது என்று சொல்லும் அறிக்கைகளைப் பார்த்தால் எனக்கும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. உயிர்களோடு வேலை செய்கிற இடத்தில் அப்படி நடக்காது.

ஒரே கொடையாளியை நம்பி இருக்காதீர்கள். வருடச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வந்தால், அவர்கள் கொள்கை மாறும் அன்று உங்கள் கூண்டுகள் காலியாக வேண்டியிருக்கும். மாதாமாதம் சின்னத் தொகை கொடுக்கும் நூறு பேர், தினப்படித் தீனிக்கும் சம்பளத்துக்கும் கிணறு மாதிரி. கிராண்ட் மழை மாதிரி, வரும்போது குளம் வெட்டிக்கொள்ளலாம். தினப்படிச் செலவை கிராண்டில் ஓட்ட ஆரம்பித்துவிட்டால் நிறுத்துவது ரொம்பக் கஷ்டம். உங்களுக்கு ஏற்கெனவே மாதம் கொடுப்பவர்கள் 38 பேர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் போடுங்கள். அக்கம்பக்கத்து மனிதர்கள் உங்களை நம்புகிறார்கள் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இப்போதைக்கு 11 இடம் வேண்டாம், மூன்று போதும். கொடுத்த பட்டியலைப் பார்த்து மூன்றைத் தேர்ந்தெடுங்கள். எழுதும் முன் ஒவ்வொருவருக்கும் நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் போட்டு, இந்த வேலை உங்கள் எல்லைக்குள் வருமா என்று கேளுங்கள். வராது என்று பதில் வந்தாலும் லாபம்தான், ஒரு வாரம் மிச்சம். வேலை என்று நான் நினைப்பது, நீங்கள் ஏற்கெனவே மாதம் இரண்டு முறை வரும் மருத்துவரை வைத்துச் செய்கிற கருத்தடையை, காப்பகத்தைச் சுற்றியுள்ள ஒரே பகுதிக்குள் 12 மாதம் முழுமூச்சாகச் செய்வது. அதற்கு முதலில் மூன்று விஷயம் வேண்டும்: உங்களிடம் அறுவை முடிந்த நாய்க்கென்று எத்தனை கூண்டு ஒதுக்க முடியும், அந்தப் பகுதியில் நாய்கள் எத்தனை, ஒரு நாய்க்குப் பிடிப்பதிலிருந்து திரும்ப விடுவது வரை உண்மையில் என்ன செலவு. இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். அறுவை செய்துகொண்ட ஒரு நாயைப் பற்றி உங்கள் நோட்டில் இருக்கும் குறிப்பையும் படம் எடுத்து வையுங்கள். கூண்டுக் கணக்கை நான் பென்சிலால் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.